பேனரில் வராத தாக்கம்: தரமணி ஒளியியலை எப்படி எடைபோடுவது?

செப்டம்பர், அக்டோபர் வந்தால் பழைய மகாபலிபுரம் சாலைக் கல்லூரி வாசல்களில் ஒரே மாதிரி பேனர்கள் முளைக்கும். 'உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள்' பட்டியலில் எங்கள் பேராசிரியர்கள் என்று கோட்டு போட்ட படங்கள் வரிசையாக இருக்கும். அடுத்த ஆண்டு அட்மிஷன் பிரசுரத்திலும் அதே படங்கள் வரும். பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோருக்கு அதிலிருந்து என்ன முடிவுக்கு வருவது என்று தெரியாது. பேனர் வைத்தவர்களுக்குத் தெரியுமா என்பதும் சந்தேகம்தான்.

பட்டியல் பொய்யில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் அயோனிடிஸ் குழு ஸ்கோபஸ் தரவுத்தளத்திலிருந்து தொகுப்பது அது. வாழ்நாள் பட்டியல் ஒன்று, ஓராண்டுப் பட்டியல் ஒன்று என இரண்டு உண்டு; எதில் பெயர் வந்தது என்று பேனர் சொல்லாது. ஆய்வாளர்களை 22 துறைகளாகவும் 174 உட்பிரிவுகளாகவும் பிரித்திருக்கிறார்கள். அதில் 'ஒளியியல்' இயற்பியலின் கீழ் வருகிறது. 'ஆப்டோ எலக்ட்ரானிக்ஸ், போட்டானிக்ஸ்' தொழில்நுட்பத்தின் கீழ் தனிப்பெட்டி. லேசரோடு மல்லுக்கட்டும் ஒருவர் எந்தப் பெட்டிக்குள் விழுகிறார் என்பதை வைத்தே அவருடைய இடம் மாறிவிடும்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது சைட்டேஷன் கணக்கு. உங்கள் கட்டுரையை எத்தனை பேர் தங்கள் கட்டுரையில் சுட்டினார்கள் என்பதே அது. ஒருவருடைய ஆய்வு உலகத்தில் என்ன செய்தது என்பதை அந்த எண் எவ்வளவு தூரம் சொல்லும்? பொதுப்படையாகப் பேசினால் இந்தக் கேள்வி வழுக்கிக்கொண்டே போகும். ஒரே ஒருவரின் வேலையை எடுத்துப் பிரித்துப் பார்ப்பது மேல். சென்னையிலேயே அதற்குப் பொருத்தமானவர் இருக்கிறார்: ராஜையா சைமன். தரமணி சிஐடி வளாகத்தில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் நெடுங்காலம் ஒளியியலும் குவாண்டம் தகவலியலும் ஆராய்ந்தவர். 1993ல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது பெற்றவர்.

டைடல் பார்க்குக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த நிறுவனத்தில் லேசர் மேசை கிடையாது. கரும்பலகை, நூலகம், காபி, அவ்வளவுதான். அது தொடங்கிய விதமும் அப்படித்தான். அல்லாடி ராமகிருஷ்ணன் மயிலாப்பூர் லஸ் பகுதியில் தன் வீட்டில் மாணவர்களைக் கூட்டிக் கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கு நடத்திக்கொண்டிருந்தார். 1960ல் இயற்பியலாளர் நீல்ஸ் போர் சென்னைக்கு வந்தபோது அந்தக் கூட்டத்தைப் பார்த்து வியந்தார். செய்தி நேரு வரை போனது. 1962 ஜனவரி 3 அன்று நிறுவனம் பிறந்தது. இப்படி ஒரு கருவியும் இல்லாத இடத்திலிருந்து வந்த ஒளியியல், கருவிகள் நிறைந்த ஆய்வகங்களில் என்ன ஆனது என்பதைப் பார்ப்போம். சைமனின் மூன்று வேலைகள் போதும். மூன்றுக்கும் மூன்று விதமான கதி.

முதலாவது எல்லோருக்கும் தெரிந்தது. 2000ஆம் ஆண்டு மார்ச் மாதம் 'பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்' இதழின் 84ஆம் தொகுதியில், 2726ஆம் பக்கத்தில் சைமன் தனியாக எழுதிய நான்கு பக்கக் கட்டுரை வந்தது. இரண்டு ஒளிக்கற்றைகள் குவாண்டம் முறையில் பின்னிப்பிணைந்திருக்கின்றனவா, அதாவது தனித்தனியாக விவரிக்க முடியாதபடி ஒன்றோடொன்று கட்டுண்டு கிடக்கின்றனவா, இல்லையா என்று கண்டுபிடிப்பதற்கான சோதனை அது.

இந்தக் கேள்வி ஏன் கடினம்? 1935ல் ஐன்ஸ்டைன், பொடோல்ஸ்கி, ரோசன் மூவரும் குவாண்டம் பின்னலைப் பற்றி எழுதியபோது நிலை, உந்தம் என்ற தொடர்ச்சியான அளவுகளை வைத்தே எழுதினார்கள். பிற்பாடு ஆராய்ச்சி பெரும்பாலும் மேல், கீழ் என்று இரண்டே விடை தரும் துகள்களின் பக்கம் போய்விட்டது. 1996ல் ஆஷர் பெரஸ் ஓர் எளிய சோதனை சொன்னார். இரண்டு துகள்களையும் விவரிக்கும் அணியில் (மேட்ரிக்ஸ்) ஒரு துகளுக்கு உரிய பாதியை மட்டும், வரிசைகள் நிரல்களாகும்படி திருப்பிப் போட வேண்டும். வரும் விடையில் எதிர்மறை நிகழ்தகவு தலைகாட்டினால் பின்னல் இருக்கிறது என்று பொருள். மிகச் சிறிய அமைப்புகளில் இந்தச் சோதனை இருபக்கமும் பொருந்தும், அதாவது எதிர்மறை வராவிட்டால் பின்னல் இல்லை என்பதும் உறுதி என்று ஹோரோடெக்கி குடும்பத்தார் அதே ஆண்டு நிறுவினார்கள். ஆனால் ஒளிக்கற்றையின் அலைவீச்சு இரண்டு விடையோடு நிற்பதில்லை. அதன் அணிக்கு வரிசைகளும் நிரல்களும் முடிவிலி. அதில் பாதியை எப்படித் திருப்பிப் போடுவது?

சைமன் கண்டது இதுதான்: அந்தத் திருப்புதலுக்கு ஒரு வடிவியல் முகம் உண்டு. நிலையும் உந்தமும் அச்சுகளாக இருக்கும் வெளியில் அது வெறும் கண்ணாடிப் பிரதிபலிப்பு. இரண்டாவது கற்றையின் உந்தத்துக்கு முன்னால் உள்ள குறியை மாற்றினால் போதும். முடிவிலி அணி மறைந்து, சோதனை நாலுக்கு நாலு அணிக்குள் அடங்கிவிடுகிறது. ஆய்வகத்தில் அளக்க வேண்டியதும் கொஞ்சம்தான். இரண்டு கற்றைகளுக்கும் நிலை போன்ற ஓர் அளவு, உந்தம் போன்ற ஓர் அளவு, ஆக நான்கு. அவற்றின் இரைச்சலையும் (அளவு எவ்வளவு தடுமாறுகிறது என்பதையும்), ஒன்றின் இரைச்சல் இன்னொன்றோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதையும் அளந்தால் பதினாறு கட்டங்கள் நிரம்பும். அணி சமச்சீரானது என்பதால் உண்மையில் பத்தே எண்கள். குறியை மாற்றிவிட்டு, வரும் அணி ஹைசன்பர்க் நிச்சயமின்மைக் கொள்கையை மீறுகிறதா என்று பார்க்க வேண்டும். மீறினால் பின்னல் உண்டு. இரைச்சல் காஸ் வடிவில், அதாவது மணி போன்ற வளைவில், பரவியிருக்கும் ஒளிக்கு, மீறாவிட்டால் பின்னல் இல்லை என்பதும் உறுதி.

அதே இதழில் சைமனின் கட்டுரைக்கு நேர் முன்னால், 2722ஆம் பக்கத்தில், துவான், கீட்கே, சிராக், சோலர் நால்வரும் வேறு வழியில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். இன்று அது துவான்–சைமன் நிபந்தனை. இரண்டுக்கும் ஆயிரக்கணக்கில் சைட்டேஷன்கள். ஒளிக்கற்றையின் அலைவீச்சில் புதுப் பின்னலை உருவாக்கும் ஆய்வகங்கள் பெரும்பாலும் தங்கள் அளவீட்டை இந்தச் சோதனையில் போட்டுக் காட்டிவிட்டுத்தான் கட்டுரையை அனுப்புகின்றன. எண் இங்கே தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. பெயர் ஒட்டிக்கொண்டது, கணக்கும் ஏறியது.

ஆனால் அந்த நான்கு பக்கங்களுக்குள்ளேயே எண்ணில் வராத ஒன்று இருக்கிறது. மீறாவிட்டால் பின்னல் இல்லை என்ற பாதியை நிறுவும்போது சைமன் கையிலெடுக்கும் ஆயுதம், ஒளியின் பி சார்பு. குவாண்டம் ஒளியைச் செவ்வியல் ஒளியைப் போலவே எழுதிப் பார்க்கும் முறை அது. 1963 ஏப்ரலில் அதை அச்சில் தந்தவர் ஈ.சி.ஜி. சுதர்சன். தாம்பரம் மெட்ராஸ் கிறிஸ்துவக் கல்லூரியிலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் படித்த மலையாளி. எண்பதுகளில் இதே தரமணி நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். சைமன், சுதர்சன், பெங்களூர் இயற்பியலாளர் முகுந்தா மூவரும் 1987ல் காஸ் வடிவ ஒளி பற்றிச் சேர்ந்தே எழுதியிருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டுச் சோதனை அந்த மண்ணில் முளைத்ததுதான். துவான் குழுவும் தங்கள் நிறுவலில் அதே பி சார்பைத்தான் கையாண்டது.

பி சார்பு இன்று பாடப்புத்தகச் சரக்கு. அதைப் பயன்படுத்தும் கட்டுரைகளில் பெரும்பாலானவை 1963ஆம் ஆண்டுக் கட்டுரையைச் சுட்டுவதில்லை. சுட்ட வேண்டிய அவசியமும் இல்லை. 2005ல் ஒளியின் குவாண்டம் கோட்பாட்டுக்காக ராய் கிளாபருக்கு நோபல் பரிசில் பாதி கிடைத்தபோது சுதர்சன் பெயர் விடுபட்டது. அவர் பகிரங்கமாக ஆட்சேபித்தார். அந்தச் சண்டையின் நியாயம் தனிக் கட்டுரை கேட்கும். நம் கணக்குக்கு வேண்டியது ஒன்றே: ஒரு கருத்து எவ்வளவு ஆழமாக வேரூன்றுகிறதோ, அந்த அளவுக்கு அதற்கு அடிக்குறிப்பு போடுவது நின்றுபோகிறது. பயன் கூடக் கூட எண்ணிக்கை குறையும் நிலை அது.

இரண்டாவது வேலைக்கு வருவோம். எனக்கு மூன்றிலும் பிடித்தது இதுதான். 1990ல் சைமனும் முகுந்தாவும் 'பிசிக்ஸ் லெட்டர்ஸ் ஏ' இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். தலைப்பிலேயே 'கேட்ஜெட்' என்று இருக்கும். மூன்றே அலைத்தகடுகளை வைத்து ஒளியின் தளவிளைவை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம் என்பது விஷயம்.

தளவிளைவு (போலரைசேஷன்) என்பது ஒளி அலை எந்தத் திசையில் அதிர்கிறது என்பது; பிளஸ் டூ இயற்பியலில் வருவதுதான். கண்ணால் பார்க்க ஆசைப்பட்டால் லேப்டாப் திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து வைத்து, போலராய்டு கூலிங்கிளாஸ் வழியாகப் பார்த்துக்கொண்டே கண்ணாடியைச் சுழற்றுங்கள். ஒரு கோணத்தில் திரை கறுத்துவிடும். அந்த நிலையில் திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு கண்ணாடிச் சில்லில் ஒட்டிய பளபளப்பான செல்லோ டேப்பைச் சாய்வாகப் பிடித்தால், டேப் இருக்கும் இடம் மட்டும் வெளிச்சமாகத் தெரியும். இரண்டு மூன்று அடுக்கு ஒட்டினால் நிறங்களும் வரும். டேப் ஒளியைக் கூட்டவில்லை. அதன் தளவிளைவைத் திருப்பிவிட்டது. சோதனைக்கூடத்தில் இதே வேலையைத் துல்லியமாகச் செய்வதுதான் அலைத்தகடு. குவார்ட்ஸ் போன்ற படிகத்தை அளந்து செதுக்கியது. லேபில் குவார்ட்டர் வேவ் பிளேட், ஹாஃப் வேவ் பிளேட் என்பார்கள். வட்டச் சட்டத்தில் பொருத்தி, விளிம்பில் டிகிரி கோடுகள் போட்டிருக்கும்.

எல்லாத் தளவிளைவு நிலைகளையும் ஒரு கோளத்தின் பரப்பில் புள்ளிகளாக வைக்கலாம். புவான்கரே கோளம் என்று அதற்குப் பெயர். நடுக்கோட்டில் நேர்கோட்டுத் தளவிளைவுகள், இரு துருவங்களில் இடஞ்சுழி, வலஞ்சுழி. ஓர் அலைத்தகட்டை ஒளியின் பாதையில் வைப்பது இந்தக் கோளத்தைச் சுழற்றுவதற்குச் சமம். கால் அலைத்தகடு 90 டிகிரி சுழற்றும், அரை அலைத்தகடு 180 டிகிரி. எந்த அச்சைச் சுற்றி என்பதைத் தகட்டை வைக்கும் கோணம் தீர்மானிக்கும். ஆனால் அந்த அச்சு எப்போதும் நடுக்கோட்டுத் தளத்தில்தான் இருக்கும். இந்தக் கட்டுப்பாட்டுக்குள் நின்றுகொண்டு கோளத்தை எப்படி வேண்டுமானாலும் சுழற்ற முடியுமா?

ஒரு கோளத்தின் சுழற்சியைச் சொல்ல மூன்று எண்கள் வேண்டும். ஒரு தகட்டில் நாம் திருப்பக்கூடியது ஒரே ஒரு கோணம். ஆகவே மூன்று தகடுகளுக்குக் குறைவாக முடியாது என்பது விரல்விட்டு எண்ணும் கணக்கு. மூன்று போதும் என்பதுதான் நிறுவ வேண்டியது. இரண்டு கால் அலைத்தகடும் ஓர் அரை அலைத்தகடும் போதும், மூன்றையும் எந்த வரிசையில் வைத்தாலும் சரி, ஒளியின் அச்சைச் சுற்றி அவற்றைத் திருப்பினால் மட்டும் போதும் என்று அவர்கள் காட்டினார்கள். தகட்டின் தடிமனை மாற்ற வேண்டாம், எதையும் நகர்த்தி வைக்க வேண்டாம்.

இதில் ஒரு நுணுக்கம் தவறிப்போகும். நேர்கோட்டுத் தளவிளைவு ஒன்றை விரும்பிய இன்னொரு நிலைக்குக் கொண்டுபோக இரண்டு தகடுகளே போதும். மூன்றாவது எதற்கென்றால், என்ன நிலையில் வருகிறது என்று தெரியாத ஒளி உள்ளே வரும்போது, எல்லா நிலைகளையும் ஒரேயடியாக ஒரே சுழற்சிக்கு உட்படுத்துவதற்கு. ஒற்றைப் போட்டானின் தளவிளைவில் ஒரு கியூபிட்டை, அதாவது குவாண்டம் தகவலின் ஓர் அலகை, எழுதிவிட்டுக் கணக்கிடும் ஆய்வாளருக்கு வேண்டியது துல்லியமாக அதுதான். உள்ளே இருக்கும் நிலையை அவர் பார்த்துவிட்டால் ஆட்டமே கலைந்துவிடும்.

நியாயமாகச் சொன்னால், ஒளியிழையைச் சுருளாகச் சுற்றி மூன்று துடுப்புகளாகத் திருப்பும் தளவிளைவுக் கட்டுப்படுத்தியை எர்வே லெஃபெவ்ர் 1980லேயே அறிமுகப்படுத்திவிட்டார். கால், அரை, கால் என்ற வரிசை அதிலும் உண்டு. கருவி முன்னால் வந்தது. குறைந்தபட்சம் எத்தனை, எந்த வரிசையெல்லாம் செல்லும் என்ற முழுக் கணக்கு பின்னால் சைமன்–முகுந்தாவிடமிருந்து வந்தது. இன்று குவாண்டம் ஒளியியல் லேபில் மூன்று தகடுகளை வரிசையாகப் பார்த்தால் அதுதான். தையல்காரர் ஊசியின் காதைக் கண்டுபிடித்தவர் பெயரைச் சொல்லிவிட்டா நூலைக் கோர்க்கிறார்? பிஎச்டி மாணவர்கள் சீனியர் காட்டியபடி தகடுகளை நட்டுவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள். கட்டுரையில் 'இரண்டு கால், ஓர் அரை அலைத்தகடு பயன்படுத்தப்பட்டன' என்று ஒரு வரி வரும். அதற்கு அடிக்குறிப்பு வந்தால் அதிர்ஷ்டம். மேசை மீது நிற்கும் இந்தத் தாக்கத்தை எந்தத் தரவுத்தளமும் எண்ணுவதில்லை.

மூன்றாவதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1993ல் சைமனும் முகுந்தாவும் முறுக்கிய ஒளிக்கற்றை ஒன்றைக் கணிதத்தில் கண்டார்கள். பரவிச் செல்லும்போதே தன் அச்சைச் சுற்றித் திருகிக்கொண்டு போகும் கற்றை. வேடிக்கை என்னவென்றால் ஒழுங்கான லேசர் ஒளியில் இந்த முறுக்கு இருக்கவே முடியாது. ஒளியில் கொஞ்சம் ஒழுங்கின்மை இருந்தால்தான் முறுக்குக்கு இடம். எவ்வளவு முறுக்கலாம் என்பதற்கும் அந்த ஒழுங்கின்மையே வரம்பு. மறு ஆண்டே ஃபின்லாந்தில் ஆரி ஃப்ரைபெர்க் குழு உருளை லென்சுகளை வைத்து அதைச் செய்தே காட்டியது. அதோடு சில ஆண்டுகள் அதிகம் பேச்சில்லை. 2000க்குப் பிறகு, காற்றின் கொந்தளிப்பில் ஒளியை அனுப்புவது பற்றிய ஆராய்ச்சி சூடுபிடித்தபோது சீனக் குழுக்கள் இதைத் தூசி தட்டி எடுத்தன. இப்போது அது ஒரு கிளைத்துறை.

மூன்று வேலைகள், மூன்று கதிகள். இனி எண்ணிடம் போகலாம். ஹெச் இண்டெக்ஸ் என்பதை 2005ல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்தார். ஒருவருக்கு 40 என்றால், அவருடைய 40 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 40 முறை சுட்டப்பட்டிருக்கின்றன. வேலைக்கு ஆளெடுக்கும் குழுவுக்கு வசதியான எண். ஆனால் மூன்றே கட்டுரை எழுதி மூன்றும் ஆயிரக்கணக்கில் சுட்டப்பட்டவருக்கு ஹெச் இண்டெக்ஸ் 3தான். இன்னொரு பக்கம், இருபது பேர் சேர்ந்த குழுவில் ஒருவராக வருடத்துக்கு முப்பது கட்டுரையில் பெயர் சேர்த்துக்கொள்பவருக்கு அது மளமளவென்று ஏறும். தன் கட்டுரையைத் தானே சுட்டுவது, நண்பர்கள் மாறி மாறிச் சுட்டிக்கொள்வது இதெல்லாம் நம்மூர்க் கல்லூரி வட்டாரத்தில் யாருக்கும் தெரியாத ரகசியமில்லை. கட்டுரைக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை அறிவிக்கும் நிர்வாகங்கள் இருக்கும்வரை அது நிற்கப்போவதில்லை. அயோனிடிஸ் பட்டியல் சுயசுட்டலைக் கழித்த கணக்கையும் தருகிறது, முதல் ஆசிரியரா கடைசி ஆசிரியரா என்பதையும் பார்க்கிறது. பேனர் அதையெல்லாம் காட்டாது என்பது பட்டியலின் குற்றமல்ல.

எனக்கு இதைவிடப் பெரிய குறையாகப் படுவது காலக்கெடு. ஓர் இதழின் இம்பாக்ட் ஃபேக்டர், முந்தைய இரண்டே ஆண்டுக் கட்டுரைகளுக்கு வந்த சைட்டேஷனை வைத்துப் போடப்படுகிறது. மத்திய அரசின் தரவரிசையிலும் அண்மைய சில ஆண்டுகளே கணக்கு. மருத்துவத்தில் இது ஓரளவு செல்லலாம். ஒளியியலில் சிவராமகிருஷ்ணன் பஞ்சரத்தினம் இருக்கிறார். சி.வி. ராமனின் தங்கை மகன். 22 வயதில், 1956ல், பெங்களூரில் இருந்துகொண்டு ஒளியின் தளவிளைவு புவான்கரே கோளத்தில் ஒரு சுற்று சுற்றி வந்தால் அதன் கட்டத்தில் (ஃபேஸ், அதாவது அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதில்) ஒரு கூடுதல் மிஞ்சும் என்று எழுதினார். இந்திய அறிவியல் கழகத்தின் இதழில் அது வெளிவந்து அப்படியே தூங்கியது. 1984ல் மைக்கேல் பெரி வேறு வழியில் பொதுவான வடிவத்தைக் கண்டார். 1986ல் ராமசேஷனும் நித்யானந்தாவும் பழைய கட்டுரையைச் சுட்டிக்காட்டினார்கள். மறு ஆண்டு பெரியே அதை ஒப்புக்கொண்டு எழுதினார். பஞ்சரத்தினம் 1969லேயே, 35 வயதில், ஆக்ஸ்ஃபோர்டில் இறந்துவிட்டிருந்தார். அந்தக் கட்டக் கூடுதலுக்கு ஒரு முழுமையான கணித அடித்தளத்தை 1993ல் போட்டவர்களும் முகுந்தாவும் சைமனும்தான். 2016ல் ஹார்வர்டில் காபாசோ குழு நுண்ணிய டைட்டானியம் டை ஆக்சைடு துடுப்புகளை வெவ்வேறு கோணத்தில் நிறுத்தித் தட்டை லென்ஸ் செய்தபோது, ஒளியைக் குவிய வைத்தது அதே பஞ்சரத்தினம்–பெரி கட்டம்தான். இரண்டு ஆண்டுக் கணக்கில் 1956ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு என்ன மதிப்பு வந்திருக்கும்?

அதனால் பேனரைப் பார்த்துவிட்டு ஒருவருடைய ஆய்வை எடைபோட நினைப்பவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. காசு செலவில்லை, பத்து நிமிடம் ஆகும். கூகுள் ஸ்காலரில் அவருடைய அதிகம் சுட்டப்பட்ட கட்டுரையைத் திறந்து, சுட்டியவர்களின் பட்டியலுக்குள் போக வேண்டும். நாலைந்து கட்டுரைகளைத் திறந்து, இவர் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று பார்க்க வேண்டும். சைமனின் 2000ஆம் ஆண்டுக் கட்டுரையை எடுத்தால், அளந்த அணியைச் சோதனையில் போட்டு 'ஆகவே பின்னல் உண்டு' என்று முடிக்கும் இடத்தில் அவர் பெயர் நிற்கும்; அதை உருவிவிட்டால் அந்தக் கட்டுரையின் முடிவு நிற்காது. பேனர்களில் சிரிக்கும் பலருடைய பெயர் முதல் பத்தியிலேயே வந்துவிடும். 'இத்துறையில் பல ஆய்வுகள் நடந்துள்ளன' என்ற வாக்கியத்தின் வாலில், அடைப்புக்குறிக்குள், மூன்று முதல் பதினேழு வரையான எண்களில் ஒன்றாக.